ஆரியங்காவு பக்கம் காட்டில் நட்சத்திரம் மாதிரி விரிந்த காளான் பார்த்தேன். என்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்திருப்பீர்கள், ஏதாவது குரூப்பில் போட்டிருப்பீர்கள், ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்பியிருப்பார்கள். அந்தப் போட்டோ போதாது. நடுவிலுள்ள பையின் உச்சியில் வாயைப் பாருங்கள். கூம்பு மாதிரி, ஓரம் இழை இழையாக, ஒழுங்கான வாய் என்றால் ஜியாஸ்ட்ரம் என்ற பேரினம். சும்மா கிழிந்த ஓட்டை என்றால் அஸ்ட்ரேயஸ் என்ற வேறு பேரினம். உருவம்தான் ஒன்று, இரண்டுக்கும் உறவே கிடையாது.

எனக்குச் செங்கோட்டை. ஒரு சாரல் சமயம் ஆரியங்காவு தாண்டி, தெரிந்தவர் ரப்பர் தோட்டத்தில், மக்கின சருகுக்குள் பார்த்தேன். இதழ்கள் பின்னால் மடங்கி, பைக்கு அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு வளையம். மரத்துச் சொட்டு ஒன்று பை மேல் விழ, வாய் வழியாகப் பழுப்புத் தூள் புஸ்ஸென்று கிளம்பியது. வித்து பரவுவதே அப்படித்தான். ஒன்றைக் கையோடு எடுத்து வந்தேன். (வனச்சட்டம் பேச வராதீர்கள். பட்டா நிலம், தோட்டக்காரர் பக்கத்திலேயே நின்றார்.)

சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, போட்டோ பார்த்த கையோடு "அஸ்ட்ரேயஸ்டா, ஜார்க்கண்டில் குழம்பு வைக்கிறார்கள்" என்று முடித்துவிட்டார். அங்கே சாப்பிடுவது விரியாத பிஞ்சை. விரிந்ததில் தூள்தான் இருக்கும். அஸ்ட்ரேயஸ் காய்ந்தால் இதழை மூடிக்கொள்ளும், நனைந்தால் திறக்கும். என்னுடையது ஜன்னலில் கிடந்து சுக்காய்க் காய்ந்தும் மூடவில்லை, வாயும் கூம்பு. ஜியாஸ்ட்ரம்தான், வளையத்தை வைத்து அதில் டிரிப்லெக்ஸ் என்ற இனம் என்பது என் கணிப்பு. ஜியாஸ்ட்ரத்திலும் சில இனம் மூடும், தெரியும், அதனால்தான் வாயை முதலில் சொன்னேன். மைக்ராஸ்கோப் கிடைத்தால் வித்தையும் பாருங்கள்: ஜியாஸ்ட்ரம் 4, 5 மைக்ரான், அஸ்ட்ரேயஸ் ஏறக்குறைய இருமடங்கு.

அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தா வீட்டுக் கிணறு யார் பங்கில் வரும் என்பதையே வீடியோ காலில் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர். அன்றைக்கும் பெரியவர்கள் தலையாட்டினார்கள். நான் ஊரில் இருக்கிறவன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாப்பிடத்தான் கேட்கிறீர்கள் என்றால் வேண்டாம். அமனிட்டா வகையில் விஷமுள்ள காளானும் பிஞ்சில் இப்படித்தான் உருண்டையாக இருக்கும். நெடுக்காக அறுத்தால் உள்ளே குடையும் தண்டும் கோடாகத் தெரியும். தெரியாவிட்டாலும் சட்டியில் போடாதீர்கள். அடுத்த தடவை வாயைக் கிட்டத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, புரட்டி அடியில் ஒன்று என்று எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.