ஸ்ட்ரட் பாருக்குக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: ஐயா, என்னிடம் 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா 121 இருக்கிறது. மாதம் இரண்டு தடவை திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் வருகிறேன். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் எழுபதைத் தொட்டாலே முன்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் 'டொக்' என்று ஒரு சத்தமும் வருகிறது. கராஜில், "ஸ்ட்ரட் பார் ஒன்று போடுங்கள், கார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும்" என்கிறார்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது வாங்கவா, ஒன்லைனில் புதியது எடுக்கவா?
– உவர்மலை வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஸ்ட்ரட் பார் தீர்க்கக்கூடிய குறை ஒன்றுகூட இல்லை.

ஸ்ட்ரட் பார் என்பது பொனட்டுக்குள் குறுக்கே பூட்டும் ஒரு கம்பி. அது என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். உங்கள் காரின் முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் வகை. ஷொக் அப்சோபரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று, மேலே பொனட்டுக்குள் இரு பக்கமும் தெரிகிற தகரக் கோபுரங்களில் போல்ட் போட்டு முடிகின்றன. சில்லிலிருந்து வரும் பாரம் அந்தக் கோபுரத் தலையில்தான் ஏறுகிறது. வேகமாக வளைவு எடுக்கும்போது இரண்டு கோபுரங்களும் ஒரு மயிரிழை அளவு கிட்ட வரவோ விலகவோ பார்க்கும். வள்ளத்தின் இரண்டு பக்கப் பலகைகளும் அசையாமல் இருக்க நடுவே குறுக்குச் சட்டம் அடிப்பார்கள் அல்லவா, அந்த வேலையைத்தான் ஸ்ட்ரட் பாரும் செய்கிறது. வளைவில் ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். அவ்வளவுதான். மகியங்கனைப் பதினெட்டு வளைவில் வாரந்தோறும் ஓடுகிறவர் அதை உணரலாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் நேராகக் கிடக்கிற ஏ6 பாதையில் அதற்கு வேலையே இல்லை.

நேர் ரோட்டில் மிதப்பதும் பள்ளத்தில் சத்தம் போடுவதும் தேய்ந்த ரப்பரும் தளர்ந்த மூட்டும் செய்கிற வேலை. இருபது வயது தாண்டிய கார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிடும் வரை, இருந்த காரையே எல்லாரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். அந்த ஐந்து வருட ஓட்டம் எல்லாம் புஷ்களில், அதாவது மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகளில், எழுதியிருக்கும்.

கராஜுக்குப் போனால் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். டயர் காற்று, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இருக்கிறதா? டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? அப்புறம் காரைத் தூக்கி ஸ்டெபிலைசர் லிங்க், போல் ஜொயின்ட், டை ரொட் என்ட், லோவர் ஆர்ம் புஷ். 'டொக்' சத்தம் அநேகமாக இந்த நான்கில் முதல் இரண்டில் ஒன்றாகவோ, ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மவுன்டாகவோ இருக்கும். பொனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகத் திருப்ப, நீங்கள் அந்த மவுன்டின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். அது தட்டினாலோ துள்ளினாலோ கையிலேயே தெரியும். ஷொக்கில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம்.

வீல் அலைன்மன்ட் கடைசியில். நம்மூரில் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். பிறகு புஷ் மாற்றினால் மறுபடியும் காசு.

இவ்வளவும் செய்த பிறகும் வளைவில் இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும் என்று மனம் கேட்டால், சரி, அப்போது பாரைப் பற்றிப் பேசலாம். ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை. மருந்தென்று நினைத்து வாங்குவதுதான் தப்பு.

வாங்கும்போது நடுக் கம்பியும் இரண்டு பக்கத் தட்டுகளும் ஒரே துண்டாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல மலிவான பார்களில் தட்டும் கம்பியும் ஒற்றை போல்ட்டில் கீல் போலச் சுழலும். பளபளப்பாக இருக்கும், நீலமும் சிவப்பும் பூசியிருக்கும். ஆனால் கோபுரம் சாயும்போது அந்தக் கீல் திரும்பிக் கொடுத்துவிடும். அதைப் போட்டு மாற்றம் தெரிகிறது என்பவர்களுக்கு, கொடுத்த காசுதான் அப்படிச் சொல்ல வைக்கிறது என்பது என் எண்ணம். ஜப்பானின் கஸ்கோ, மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் போன்ற பெயர்களைப் போட்ட போலிகளும் சந்தையில் உண்டு. ஆகவே ஸ்டிக்கரை நம்பாமல் வெல்டிங்கைப் பாருங்கள்.

இன்னொன்று, நம் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்காகச் செய்த பார், கோபுரத் துளைகளுக்குச் சரியாகப் பொருந்தினாலும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் போய் இடிக்கலாம். '121க்கு வரும்' என்ற ஒரு சொல்லோடு திருப்தி அடையாமல், வலப்பக்க ஸ்டியரிங் காரில் பொருத்திய படம் கேளுங்கள். பழையதென்றால் சிமெந்துத் தரையில் படுக்க வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். விபத்தில் சிக்கிய காரில் கழற்றியது வளைந்திருக்கும். வெல்டிங் ஓரத்தில் வெடிப்பும், முட்டை வடிவமாகிப்போன துளையும் வேண்டாம் என்பதற்கான அடையாளம்.

பொருத்துவது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஆனாலும் உயிருக்கு ஆபத்தான ஓர் இடம் அதில் இருக்கிறது. கோபுரத் தலையில் சுற்றிவர மூன்று நட், நடுவில் ஒன்று. நடு நட்டைத் தொடவே கூடாது. கீழே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. சுற்றியுள்ள மூன்றை மட்டும் கழற்ற வேண்டும், அதுவும் நான்கு சில்லும் மட்டமான தரையில் நிற்கும்போது. ஜக்கில் தூக்கி வைத்துக் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும். தட்டை வைத்த பிறகு, நட் முழுவதுமாக மரை பிடிக்கிறதா என்று பாருங்கள். தட்டு தடிப்பாக இருந்தால் போல்ட்டின் நீளம் போதாமல் போகலாம். நடுவில் நீளம் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். அதை முறுக்கிக் கோபுரங்களைத் தள்ளுவதால் ஒரு பலனும் இல்லை, கேம்பர், அதாவது சில்லின் சாய்வு, அதுதான் கெடும். இறுக்கத்துக்கு, அளவு பார்த்து இறுக்கும் டோர்க் ரென்ச்சும், காரின் கையேட்டில் உள்ள அளவும். 'கை அறியும்' என்கிறவரிடம் விடாதீர்கள்.

பொனட்டைச் சட்டென்று மூடவும் வேண்டாம். நான் முன்பு வைத்திருந்த லான்சரில் ஒரு கராஜில் பார் போட்டுவிட்டு, பொனட்டை மேலிருந்து விழ விட்டார்கள். நடுவில் உட்புறமிருந்து ஒரு மொட்டு எழும்பியது. டிங்கர் வேலைக்கும் பெயின்ட்டுக்கும் போனது பாரின் விலையைவிட அதிகம். அதற்குப் பிறகு வீட்டில் ரொட்டிக்குக் குழைத்த மாவில் இரண்டு உருண்டை எடுத்துப் பாரின் மேல் வைத்து, பொனட்டை மெதுவாக மூடித் திறந்து பார்ப்பது என் வழக்கம். நசுங்கிய மாவின் தடிப்புத்தான் உங்களுக்குக் கிடைக்கிற இடைவெளி. எஞ்சினுக்கும் பாருக்கும் இடையிலும் இடம் வேண்டும், ஏனென்றால் அக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் அசையும்.

உவர்மலையில் இருக்கிறீர்கள், கடற்காற்று உங்களைச் சும்மா விடாது. கோபுரத்தின் ஓரத்தில் துரு கிளம்பியிருந்தால் முதலில் அதைச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டும். உக்கிய தகரத்தில் எந்தப் பாரைக் கட்டியும் பயனில்லை. அலுமினியத் தட்டில் இரும்பு போல்ட் போட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரித்துப் போகும். நம் பக்கத்துக்கு நல்ல பூச்சுள்ள இரும்புப் பாரே மேல்.

கேள்வி: சமூக ஊடகத்தில் விளம்பரம் பார்த்து என் காருக்கென்று சொல்லி ஒரு ஸ்ட்ரட் பார் வாங்கினேன். துளைகள் பொருந்தவில்லை. விற்றவர் "விற்ற பொருள் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார். என்ன செய்யலாம்?
– கிண்ணியா வாசகி

பதில்: அக்கா, கையில் பில் இருக்கிறதா? இல்லையென்றால் விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். விளம்பரம் நாளைக்குக் காணாமல் போகலாம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு. இந்தக் காருக்குப் பொருந்தும் என்று சொல்லி, பொருந்தாததை விற்பது வேறு. உங்களுடையது இரண்டாவது. காரின் மாதிரி இலக்கத்தை நீங்கள் எழுதி, அவர் 'பொருந்தும்' என்று பதில் தந்த செய்தி இருந்தால் அதுவே உங்கள் பலம். முதலில் எழுத்தில் ஒரு தவணை கொடுங்கள். பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1977. அதுவரை துளையைப் பெரிதாக்கிப் பொருத்திப் பார்க்காதீர்கள். அரம் பட்ட பொருளை எவரும் திரும்ப எடுக்க மாட்டார்.

கேள்வி: பின்பக்கத்துக்கும் பார் போட்டால் நல்லதா? காப்புறுதிக்குப் பிரச்சினை வருமா?
– நிலாவெளி வாசகர்

பதில்: பின்னால் போட்டால் டிக்கியில் இடம் போகும். குடும்பத்தோடு ஓடும் காருக்கு அது வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கு முன்பக்கப் பாரைப் பற்றியும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வையுங்கள். ஒரு பக்கம் அடிபட்டால் பார் வழியாக மறுபக்கக் கோபுரமும் இழுபடலாம். அப்போது 'இது முதலே இருந்ததா' என்ற கேள்வி வரும்.