கடைசி எழுத்து காதில் விழுகிறதா? – நடிப்பு கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பேச்சு நடிகர் டெல்லி கணேஷில்தான் ஆரம்பித்தது.

கேள்வி: மேடையிலிருந்து சினிமாவுக்குப் போகிறவர்களுக்கு நாடக வாடை அடிக்கும் என்பார்கள். டெல்லி கணேஷிடம் அது இல்லையே, எப்படி ஐயா?

வாடை மேடையால் வருவதில்லை, அளவு தெரியாததால் வருவது. அவர் 1944இல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தக்ஷிண பாரத நாடக சபாவிலும், பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவிலும் மேடை ஏறினார். 1977இல் பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் படமே விசு எழுதிய மேடை நாடகம்தான். கேமராவுக்கு முன்னால் நின்றபோது வசனமும் குரலும் கைவசம் இருந்தன. குறைத்துக்கொள்ள வேண்டியது உடம்பின் அசைவைத்தான்.

‘சிந்து பைரவி’யில் குடிப்பழக்கம் உள்ள மிருதங்க வித்வான் வேடம். கையை விரித்து அழுவதற்கு இடம் உள்ள பாத்திரம்தான், ஆனால் அவர் கழுத்தையும் கண்ணையும் வைத்தே முடித்துவிடுவார். 2024 நவம்பரில் மறையும்வரை 400க்கும் மேற்பட்ட படங்கள், கூடவே சீரியல்கள். அத்தனைக்கும் முதல் மேடையில் பழகிய குரல்தான்.

கேள்வி: எங்கள் டேவானில் (மண்டபத்தில்) முந்நூறு நாற்காலி. பின் வரிசைக்கு வசனம் புரியவில்லை என்கிறார்கள். இன்னும் கத்திப் பேசணுமா?

கத்தவே கூடாது. கத்தினால் சத்தம்தான் போகும், சொல் போகாது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. நடிகருக்கு மூச்சு தீர்கிற இடமும் அதுதான். “அவனுக்கு நான் காசு கொடுக்கலை” என்ற வசனத்தில் கடைசி ‘லை’ அமுங்கிவிட்டால், கொடுத்தானா இல்லையா என்று பின் வரிசைக்குத் தெரியாது. கதையே கவிழ்ந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. வசனத்தாளில் மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். வினைக்கு நாலைந்து சொல் முன்னாலேயே ஒரு சின்ன மூச்சு எடுத்துவிட வேண்டும். ஒருவரைக் கடைசி நாற்காலியில் உட்கார வையுங்கள், வசனத்தாள் அவர் கையில் இருக்கக் கூடாது. சொல் கேட்காமல் போனால் கை தூக்கட்டும், அங்கேயே நிறுத்தி அந்த வரியைத் திரும்பச் சொல்லுங்கள். வசனம் தெரிந்தவரை அங்கே உட்கார வைத்தால் பயனில்லை. அவர் காது, அமுங்கிய சொல்லையும் தானே நிரப்பிக்கொள்ளும்.

கேள்வி: அண்ணே, டிவியில் நடிக்க சான்ஸ் எப்படிக் கிடைக்கும்?

ஒரு நிமிட வசனம், ஒரே ஷாட், பின்னணி இசை இல்லாமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி போனைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுங்கள். பெயர், வயது, உயரம், பேசும் மொழிகள் சொல்லுங்கள். நடிகர் தேர்வு அறிவிப்பு வரும்போது அனுப்புங்கள். பதிவுக் கட்டணம் என்று உங்களிடம் காசு கேட்கிறவர் சான்ஸ் தரமாட்டார்.

கேள்வி: நான் இந்த ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கடைசி எழுத்து, மூச்சு என்று ஏன் சுற்றி வளைக்கணும்? நடிக்கிற எட்டுப் பேருக்கும் காலர் மைக் மாட்டினால் முடிந்தது.

முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு பேர் கட்டிப்பிடித்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் ஏறும், பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். அதைத் தவிர்க்க, வசனத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்க ஒலி மிக்ஸர் பலகையில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எத்தனை ஒத்திகைக்கு வருவார்? பட்டுச்சேலை உரசும், தாலிச் சங்கிலி இடிக்கும், வியர்வை இறங்கினால் மைக் அடைத்துக்கொள்ளும்.

அதே நண்பர்: காலர் மைக் வேண்டாமென்றால் மேடைக்கு மேலே தொங்குகிற மைக்தானே, அது மட்டும் யோக்கியமா? எல்லோரும் அதற்குக் கீழே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற மாதிரி வரிசையாக நிற்பார்கள். பாவம், வில்லன்கூட நகர மாட்டான்.

இது நியாயமான பேச்சு. வாயிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், அதனால்தான் மைக்கைத் தேடிப் போகிறார்கள். ஒரே மைக் தொங்கவிட்டால் அப்படித்தான் ஆகும். மேடை விளிம்பில், தரையில் மூன்று மைக் வையுங்கள். அடியில் ஸ்பாஞ்ச் துண்டு போட்டால் காலடிச் சத்தம் ஏறாது. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக் வரிசைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் போனால் கீச்சிடும்.

அதே நண்பர்: மேலே பன்னிரண்டு மின்விசிறி ஓடுது. தரை மைக் அந்தக் காற்றையும்தான் இழுக்கும். காது இருக்கிறவனுக்குத் தெரியும்.

தெரிகிறது. மேடைக்கு மேலே உள்ள இரண்டை மட்டும் நிறுத்துங்கள், கூட்டத்துக்கு மேலே ஓடட்டும். பத்து வயதுப் பிள்ளை நடித்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு காலர் மைக் மாட்டலாம், அவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன். நெஞ்சில் மாட்டாதீர்கள், தலை திரும்பினால் குரல் நழுவும். நெற்றி மயிரோரம் ஒட்டுங்கள். இடைவேளையில் பேட்டரி தீராவிட்டாலும் மாற்றுங்கள்.

கேள்வி: பெரியவர் வேஷம். ஒட்டுமீசை இரண்டாவது காட்சியிலேயே கழன்றுவிடுகிறது, பிள்ளைகளெல்லாம் சிரிக்கிறார்கள்.

எண்ணெய்ப் பசை மேல் ஒட்டியிருப்பீர்கள். மேலுதட்டைச் சவரம் செய்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிடுங்கள். மேக்கப்புக்கு முன்பே மீசை. மீசை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் மெலிதாகத் தடவி, விரல் வைத்தால் நூல் இழுக்கும்வரை பொறுத்து, ஈரத்துணியால் அழுத்துங்கள். நரைக்கு முகப் பவுடர் வேண்டாம், விளக்கடியில் தோளில் கொட்டும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பூச்சைப் பழைய பல்தூரிகையால் காதோரத்திலிருந்து இழுங்கள்.

கேள்வி: டெல்லி கணேஷுக்கு ஒரு படத்துக்கு எவ்வளவு சம்பளம்?

அது என் துறை இல்லை.

கேள்வி: டிவி நாடகத்தில் ஒரு சின்ன வேஷம். தேத்தண்ணிக் கடைக் காட்சி. எதில் கவனமாக இருக்கணும்?

கிளாஸில். தூரத்து ஷாட்டில் “நேத்து” என்ற சொல்லில் வலது கையால் கிளாஸைத் தூக்கினீர்கள் என்றால், குளோசப்பிலும் “நேத்து”தான், வலது கைதான். மாறினால் வெட்டி ஒட்ட முடியாது, எடிட்டர் உங்கள் குளோசப்பைத் தூக்கிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் போடுவார். செய்கையைச் சொல்லோடு கட்டி, வசனத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் கிளாஸ் பழைய அளவுக்கு நிரம்பியிருக்கிறதா பாருங்கள்.

குளோசப்பில் எதிரே இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் உங்கள் விழி திருட்டு முழி முழிக்கும். கேமராப் பக்கம் இருக்கும் ஒரு கண்ணை மட்டும் பாருங்கள். நடந்து வந்து தரையில் போட்ட குறியில் நிற்க வேண்டுமானால், குறியிலிருந்து பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள், குனிந்து பார்க்காமல் வந்து நிற்கலாம். குரலை மட்டும் டேவான் அளவிலிருந்து எதிர் நாற்காலி அளவுக்குக் குறையுங்கள். கடைசி எழுத்து அங்கேயும் அமுங்கக் கூடாது.

கேள்வி: நடிக்க சான்ஸ் வேணும் ஐயா, யாரைப் பார்க்கணும்?

மேலே உள்ள மூன்றாவது பதில்.

கேள்வி: திறந்தவெளியில் நாடகம் போட அனுமதி வேணுமா?

நகராண்மைக் கழக அலுவலகத்திலும் போலீஸ் நிலையத்திலும் கேளுங்கள். தேதி முடிவானதுமே போங்கள்.

கேள்வி: வணக்கம், என் மகன் நல்லா நடிப்பான், சான்ஸ்…

மூன்றாவது பதில்தான் அம்மா. காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஒலிபெருக்கிக்காரர் மறுபடியும்: சரி, மூணு தரை மைக், ஒரு காலர் மைக். டேவான் கூரை தகரம். நடுக்காட்சியில் மழை அடிச்சா?

எந்த மைக்காலும் முடியாது. சத்தத்தை ஏற்றாதீர்கள், மழையும் சேர்ந்து ஏறும். சாயங்கால மழை விட்டபின் எட்டு மணிக்கு ஆரம்பிப்பது நல்லது. அதற்கு மேலும் கொட்டினால் திரையை இறக்கிவிட்டு மேளக்காரரைக் கூப்பிடுங்கள். மழை விட்டதும் நின்ற வரியிலிருந்து தொடங்காமல், அந்தக் காட்சியின் முதல் வரியிலிருந்து எடுங்கள்.