எப்படியோ திரும்பி வந்தவர்

அன்புள்ள சார்,

ஸ்டார் வார்ஸ் வரிசையின் ஒன்பதாவது படமான ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ (2019) ஒரு பயந்தாங்கொள்ளிப் படம் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். லேயாவாக நடித்துவந்த கேரி ஃபிஷர் படப்பிடிப்புக்கு முன்பே இறந்துபோன நெருக்கடியில் வேறென்னதான் செய்திருக்க முடியும்? பழைய ரசிகர்களை யாராலும் திருப்திப்படுத்த முடியாது என்பதுதானே உண்மை?

கதிர்

அன்புள்ள கதிர்,

கேரி ஃபிஷர் விஷயத்தில் உங்கள் கட்சிதான். 2015ல் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்துக்காக எடுத்து ஒதுக்கிவைத்த துண்டுகளைக் கொண்டு லேயாவின் காட்சிகளை ஒப்பேற்றினார்கள். அவை உயிரில்லாமல் இருப்பதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பழைய படங்களிலிருந்தே கூட வரும் உரோமம் அடர்ந்த தோழன் செவ்பாக்காவின் சாவு யாருடைய நெருக்கடி? கதாநாயகி ரேயின் கையிலிருந்து மின்னல் பாய்ந்து ஒரு கப்பல் வெடிக்கிறது. செவ்பாக்கா அதற்குள் இருந்ததாக அவள் நம்புகிறாள். அப்போது அவள் முகத்தைப் பாருங்கள். தனக்குள் இருப்பது என்ன என்று அஞ்சுகிறாள், டெய்சி ரிட்லி அதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார். படம் அங்கேதான் சூடுபிடித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே செவ்பாக்கா வேறு கப்பலில் பத்திரமாக இருப்பதை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். சி-3பிஓ என்ற ரோபோ நண்பர்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு நினைவை இழக்கிறது, அந்த நினைவுக்கும் இன்னொரு ரோபோவான ஆர்2-டி2விடம் பிரதி இருக்கிறது. இரண்டு முறை ஏமாந்தபிறகு, வில்லனாக இருந்து திருந்திய கைலோ ரென் உண்மையிலேயே சாகும்போது எனக்குத் துக்கமே வரவில்லை. எப்போது எழுந்துவருவான் என்று உட்கார்ந்திருந்தேன்.

பழைய படங்களின் பெரிய வில்லன், பேரரசர் பால்பட்டீனும் அப்படித்தான். 1983ல் வந்த படத்தில் மகனைக் காப்பாற்ற டார்த் வேடர் தன் உயிரைக் கொடுத்துப் பள்ளத்தில் தூக்கியெறிந்த ஆள். அவர் ‘எப்படியோ’ திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு பாத்திரம் சொல்வதோடு சரி. அவர் விண்வெளிக்கே விடுத்த மிரட்டலைப் படத்தில் தேடாதீர்கள். அது ஃபோர்ட்நைட் விளையாட்டில் ஒலிபரப்பானது!

ரசிகர்கள் பற்றிச் சொன்னீர்கள். திருப்திப்படுத்த முயன்றதுதான் இந்தப் படத்தைக் கெடுத்தது என்பேன். 2017ல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ ரேயின் பெற்றோர் பெரிய ஆட்கள் யாருமில்லை, குடிக்கக் காசு வேண்டி மகளை விற்ற குப்பை வியாபாரிகள் என்றது. யார் வீட்டுப் பிள்ளைக்கும் ரேயிடம் இருக்கும் அபூர்வ சக்தி வரலாம் என்ற நினைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது. இணையத்தில் ஒரு கூட்டம் கொதித்தது. உடனே அடுத்த படத்தில் அவள் பேரரசரின் பேத்தியாகிவிட்டாள். அதே கூட்டம் கெல்லி மேரி டிரானை இனத்தைச் சொல்லியும் வசைபாடியது. அவர் நடித்த ரோஸ் முந்தைய படத்தில் கதையின் நடுவில் இருந்தவள். மறுபடி பார்த்தால், இதில் அவளுக்கு எத்தனை வரி வசனம் என்று எண்ணி எழுதுங்கள்.