நடந்தால் மட்டும் போதுமா? தசை, வயது, ஆண், பெண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 62 வயது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், களைப்பே தெரிவதில்லை. ஆனால் தாழ்வான நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. இவ்வளவு நடந்தும் ஏன் இப்படி?

பதில்: நடைக்கும் எழுவதற்கும் ஒரே கால்தான். ஆனால் வேலை செய்யும் தசை இழைகள் வேறு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இழைகள் நடைக்குப் போதும். சட்டென்று எழவும், கால் இடறினால் அடுத்த அடியை உடனே முன்னால் வைக்கவும் வேக இழைகள் வேண்டும். வயது ஏறும்போது முதலில் மெலிவது இவைதான். முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் இயக்க நரம்பணுக்களும் குறைகின்றன. அப்படித் தனித்துவிடப்பட்ட வேக இழைகளில் சிலவற்றைப் பக்கத்து மெது நரம்புகள் தத்தெடுத்துக்கொள்கின்றன, மற்றவை அழிந்துபோகின்றன. அதனால்தான் தசையின் அளவைவிட வலிமை வேகமாகக் குறைகிறது. வலிமையைவிட இன்னும் வேகமாகக் குறைவது, அந்த வலிமையைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன். நீங்கள் கையை ஊன்றுவது அதனால்தான். நடையை விட வேண்டாம், இதயத்துக்கு அது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது.

முதலில் அளந்து பாருங்கள். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஐந்தாவது முறை முழுதாக நிமிர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். வயதால் வரும் தசை இழப்பு பற்றி ஆசிய நாடுகளுக்காக வந்த 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். இதில் பலர் தம்மையறியாமல் தப்பு செய்கிறார்கள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி விசை எடுப்பார்கள், கெண்டைக்காலை நாற்காலி விளிம்பில் அழுத்துவார்கள், முட்டி முழுதாக நிமிர்வதற்குள் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். இப்படிச் செய்தால் வரும் எண் உங்கள் தொடையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பயிற்சியும் இதே அசைவுதான். ஒரு விநாடிக்குள் எழுந்து, மூன்று விநாடி எடுத்து மெல்ல இறங்குங்கள். 8 முதல் 10 முறை செய்தால் ஒரு செட். இரண்டு நிமிட இடைவெளி விட்டு மூன்று செட். வாரத்தில் இரண்டு நாள், அடுத்தடுத்த நாள்களில் வேண்டாம். செட்டின் முடிவில் இன்னும் இரண்டு, மூன்று முறைதான் முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். அதைவிடச் சுலபமாக இருந்தால் இரண்டு கிலோ எடையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கடினமாக இருந்தால் மெத்தை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். அடுத்த நாள் தொடை வலித்தால் பயமில்லை. முட்டிக்குள் குத்தல் எடுத்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் 56 வயது. அவர் அலட்டாமல் தூக்கும் பெட்டியை என்னால் அசைக்க முடியவில்லை. பெண்ணின் தசை தரம் குறைந்ததா?

பதில்: இல்லவே இல்லை. ஒரே பருமனுள்ள தசையை எடுத்துக்கொண்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் விசையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அளவில் இருக்கிறது. பெண்களின் கை, தோள் வலிமை சராசரியாக ஆண்களுடையதில் பாதியை ஒட்டியும், கால் வலிமை மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியும் இருக்கும். ஒரு தசையை அதன் உச்ச வலிமையில் இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்து அசையாமல் பிடித்திருக்கச் சொன்னால், பெரும்பாலும் பெண்கள்தான் அதிக நேரம் தாங்குவார்கள்.

கவலை வேறிடத்தில். இருவரும் ஒரே விகிதத்தில் இழந்தாலும், குறைந்த இருப்பில் தொடங்கிய பெண், ‘உதவியில்லாமல் எழ முடியாது’ என்ற எல்லையை முன்னதாகத் தொட்டுவிடுகிறார். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவது தசையோடு எலும்பையும் பாதிக்கிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் படிப்படியாகத்தான் இறங்கும். ஆகவே பெண்களுக்கு அரைக் கிலோ டம்பெல்லைக் கொடுத்து முப்பது முறை ஆட்டச் சொல்வது அநியாயம். அவரவர் வலிமைக்கேற்ப, பத்தாவது முறை சிரமப்படும் எடைதான் இருவருக்கும் வேண்டும். அப்படிப் பயிற்சி செய்தால் சதவீதக் கணக்கில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக வலுப்பெறுகிறார்கள்.

கேள்வி: 81 வயதான என் அப்பா பத்து நாள் மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். கால் குச்சியாகிவிட்டது. இந்த வயதில் இனி பயிற்சியால் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. 1990-இல் வெளியான ஆய்வொன்றில், 86 முதல் 96 வயது வரையிலான தளர்ந்த முதியவர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். தொடையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசையின் பருமன் கூடியது சுமார் 9 சதவீதம்தான். மற்றபடி கூடியதில் பெரும்பங்கு நரம்புகள் தசையை மறுபடி நன்றாக இயக்கக் கற்றதால் வந்தது.

பத்து நாள் படுக்கை என்பது சிறிய விஷயமல்ல. உடல்நலமுள்ள முதியவர்களே பத்து நாள் படுத்திருந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழக்கிறார்கள். மருத்துவர் சம்மதித்ததும் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து நிற்பதில் தொடங்குங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதலில் ஐந்தைந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

உணவில் புரதம் போதாவிட்டால் இந்த உழைப்பு வீணாகும். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். 60 கிலோ எடை என்றால் குறைந்தது 72 கிராம். வயதான தசை கொஞ்சம் புரதத்துக்கு அசைந்துகொடுக்காது, அதனால் வேளைக்கு 25 கிராம் அளவில் மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். காலையில் பேருக்குச் சாப்பிட்டு இரவில் மொத்தமாகச் சேர்ப்பதுதான் வழக்கமான தவறு. சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றாதீர்கள்.

கேள்வி: பத்து வருடமாக என் எடை மாறவில்லை. தசை குறையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பினால் எடைக்கருவிக்குத் தெரியாது. உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை நாடாவால் இறுக்காமல் அளந்து பாருங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. இவற்றுக்குக் கீழே வந்தால் முதலில் சொன்ன நாற்காலிச் சோதனையையும் செய்யுங்கள். காலில் வீக்கம் இருக்கும்போது மட்டும் நாடாவை நம்ப வேண்டாம், நீர் கோத்த கால் பருமனாகத்தான் தெரியும்.