டோக்கியோவின் பொறியியல் கல்லூரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி 1886இல் உருவானது என்று எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் இருந்த பாடத்திட்டத்தைத்தானே ஜப்பானியர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்? இதில் அவர்களுடைய பங்கு என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுத்துக்கொள்வதற்கு அன்று பிரிட்டனில் அப்படியொரு பாடத்திட்டமே இருக்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1840இலேயே அரசியின் ஆணையால் பொறியியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அப்பதவிக்கு முதலில் வந்த லூயிஸ் கார்டனுக்கு வகுப்பறை ஒதுக்கக்கூட அங்கிருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. 1855இல் அவருக்குப் பின் வந்த ராங்கின் அத்துறைக்கு மதிப்பைத் தேடித் தந்தார் என்றாலும், பொறியாளராக விரும்பிய இளைஞர் பணம் கட்டிப் பட்டறையிலோ அலுவலகத்திலோ தொழில் பழகுவதே அந்நாட்டின் வழக்கமாக இருந்தது.

ஜப்பானியரின் பங்கு என்று கேட்டால் முதலில் யமாவோ யோசோவைச் சொல்ல வேண்டும். வெளிநாடு செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1863இல், சோஷு பகுதியிலிருந்து இரகசியமாகக் கப்பலேறிய ஐந்து இளைஞர்களில் அவர் ஒருவர். கிளாஸ்கோவில் பகலெல்லாம் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்துவிட்டு, மாலையில் ஆண்டர்சன் கல்லூரியில் படித்தார். நாடு திரும்பிப் பொதுப்பணி அமைச்சகத்தில் பொறுப்பேற்றதும், அதன்கீழ் ஒரு பொறியியல் கல்லூரி வேண்டுமென்று வற்புறுத்தியவர் அவரே. அதன் முதல்வராக 1873இல் வந்திறங்கிய ஹென்றி டயர் ராங்கினின் மாணவர். அதே மாலை வகுப்புகளில் படித்தவர். அப்போது அவருக்கு வயது 24. கப்பல் பயணத்திலேயே அவர் எழுதிவைத்த திட்டத்தை யமாவோ ஏற்றுக்கொண்டார்: 2 ஆண்டு பொதுக் கல்வி, 2 ஆண்டு துறைப் பாடம், கடைசி 2 ஆண்டு முற்றிலும் பணியிடத்தில். கிளாஸ்கோவில் இருவரும் பகலையும் மாலையையும் பங்கிட்டுப் பெற்ற இரு கல்விகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த ஏற்பாடு என்றே இதை நான் காண்கிறேன்.

இதன் பலனைத் தனாபே சகுரோவிடம் பார்க்கலாம். பிவா ஏரியின் நீரை மலைகளைக் குடைந்து கியோட்டோவுக்குக் கொண்டுவரும் கால்வாயையே இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்ட அவர், வலக்கை காயமுற்றதால் இடக்கையாலேயே அதை எழுதி முடித்தார். 1883இல் பட்டம் பெற்ற அவரிடமே அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. 1890இல் கால்வாய் நிறைவுற்றது. (பட்டம் பெற்றவுடன் இப்படியொரு பொறுப்பை ஒப்படைக்க இன்று எந்த அரசு துணியும் என்று தெரியவில்லை.)

இனி நீங்கள் கேட்ட 1886. அதற்குச் சற்று முன்பு அமைச்சகம் கலைக்கப்பட்டதால், கல்லூரி பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவோடு இணைக்கப்பட்டு, சட்டம், மருத்துவம், இலக்கியம், அறிவியல் ஆகியவற்றுக்கு நிகரான கல்லூரியாயிற்று. பிரான்சும் ஜெர்மனியும் பொறியியலைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனிக் கல்விக்கூடங்களில் வைத்திருந்த காலத்தில் இது பெரிய அங்கீகாரம்தான். ஆனால் படிப்பு 3 ஆண்டுகளாகச் சுருங்கியபோது, டயர் பணியிடத்துக்கென்று ஒதுக்கியிருந்த அந்த 2 ஆண்டுகளுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.