கொரங்காட்டுக்குக் காங்கயமா, கிர் மாடா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொரங்காடு, அதாவது மழையை நம்பிய மேய்ச்சல் நிலம், இருக்கிறது. பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நாட்டு மாடு வளர்க்க நினைக்கிறேன். பத்து கிர் மாடு வாங்கிப் பால் விற்கலாமா, இல்லை காங்கயமா? காங்கயத்தைக் கிர் காளைக்குச் சேர்த்தால் பால் கூடுமா? மாட்டின் உடம்பில் உள்ள முடிச்சுழியைப் பார்த்து வாங்க வேண்டுமா?

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் நிலத்துக்குக் காங்கயம்தான். ஆனால் பாலை நம்பி அதை வாங்கக் கூடாது.

கிர் நல்ல இனம்தான், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி மாடு. நன்றாகப் பால் கறக்கும். அந்தப் பால் வர வேண்டுமானால் பசுந்தீவனமும் தண்ணீரும் அடர்தீவனமும் குறையாமல் வேண்டும். மானாவாரிக் கொரங்காட்டில் பத்து கிர் மாட்டைக் கட்டினால், தீவனம் முழுவதையும் விலைக்குத்தான் வாங்குவீர்கள்.

காங்கயம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம். நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் பால் கிடைக்கும், அதிலும் கன்றுக்குப் பங்கு உண்டு. கன்றை ஊட்டவிடாமல் பல மாடுகள் பாலை இறக்காது. எனவே வருமானம் கன்றில்தான். நல்ல கிடாரிக்கு வளர்ப்பவர்களிடமும், கட்டான காளைக்கன்றுக்கு ரேக்ளா (மாட்டுவண்டிப் பந்தயம்) ஓட்டுபவர்களிடமும் மதிப்பு இருக்கிறது. ஆனால் கிடாரி முதல் கன்று போட மூன்றரை வயதை ஒட்டி ஆகிவிடும். அதுவரை வீட்டுச் செலவுக்கு உங்கள் சம்பளம் வேண்டும்.

‘ஏ2 பால்’ (பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகையை வைத்து வந்த பெயர்) என்று கூடுதல் விலை வைத்து விற்கலாமே என்று பலர் சொல்வார்கள். நம் நாட்டு மாடுகளின் பால் பெரும்பாலும் அந்த வகைதான், எருமைப் பாலும் அப்படித்தான். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அந்த வார்த்தையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

உங்கள் உண்மையான சொத்து அந்தக் கொரங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம் என்று காங்கயம் மாட்டுக்காகவே அமைந்த மேய்ச்சல் நிலம் அது. கோடையில் புல் கருகிக் கிடந்தாலும் வேர் சாகாது. ஒரு நல்ல மழைக்குத் துளிர்த்துவிடும். வெயில் காலத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும். இந்த நிலத்தை உழுதுவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம், அதனால் ஏர் ஓட்டாதீர்கள். நாலு ஏக்கரையும் ஒரே வயலாக மேயவிடாமல் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு மூன்று நான்காகத் தடுத்து, ஒன்றை மேய்த்து மற்றவற்றை ஆறவிடுங்கள். புல் விதை விழுந்த பிறகு மாடு போனால் அடுத்த வருடத்துக்குப் புல் அடர்ந்து வரும். தொடக்கத்தில் மூன்று மாடு போதும். மழை பொய்த்தால் சமாளிக்கச் சோளத்தட்டுப் போர் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

சோளத்தில் ஒரு எச்சரிக்கை. தண்ணீரில்லாமல் வாடி நிற்கும் இளம் பயிரையும், அறுத்த கட்டையில் வரும் துளிரையும் மாடு மேயக் கூடாது. அதில் சயனைடு நஞ்சு இருக்கும். தின்ற கொஞ்ச நேரத்திலேயே மாடு மூச்சு வாங்கி, நடுங்கி விழும். கால்நடை மருத்துவர் வருவதற்குள் உயிர் போய்விடுவதும் உண்டு. பூத்து முற்றிய பயிரை அறுத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

அடுத்து, கிர் காளைக்குச் சேர்ப்பது. தயவுசெய்து வேண்டாம். பிறக்கும் கன்றைக் காங்கயம் என்று யாரும் வாங்க மாட்டார்கள், கிர் மாட்டின் பாலும் முழுதாக வராது. காங்கயம் குறைந்துபோனதற்கு டிராக்டர் வந்தது ஒரு காரணம் என்றால், கலப்பு இன்னொரு காரணம். ஊரில் இனப்பெருக்கத்துக்கு நல்ல பொலிகாளை இல்லையென்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் காங்கயம் உறைவிந்து கேளுங்கள், முன்கூட்டிச் சொல்லி வைத்தால் நல்லது. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அன்று மாலை சினை ஊசி போடுங்கள், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலை. எந்தக் காளைக்குச் சேர்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தகப்பன் காளைக்கே மகள் கிடாரியைச் சேர்த்துவிட்டால் குறையுள்ள கன்றுகள் பிறக்க வாய்ப்பு அதிகம். சிறு பட்டிகளில் இனம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

வாங்குவதற்குப் பழையகோட்டைச் சந்தையும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் உங்களுக்குப் பக்கம். கன்று செவலையாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். காங்கயம் கன்று பிறக்கும்போது அந்த நிறம்தான், ஆறு மாதத்தை ஒட்டி வெளுத்து மயிலையாகும் (சாம்பல் கலந்த வெள்ளை). முதலில் ஒரு ஈத்து போட்ட சினைமாடாகப் பாருங்கள். நாலு காம்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், கட்டி இருக்கக் கூடாது. முடிந்தால் கருச்சிதைவு நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கோமாரித் தடுப்பூசியைக் கணக்கு வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.

சுழிக்கும் மாட்டின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவர் சுழியைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். அதனால் வாங்கும்போது நீங்களும் அதே காரணத்தைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். நல்ல மாட்டைச் சுழிக்காக மட்டும் விட்டுவிடாதீர்கள்.