அக்கா மகனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். என் அக்கா மகனும் விண்ணப்பித்திருக்கிறான். கெட்டிக்காரன்தான், ஆனால் அனுபவம் போதாது. "உன்னால் முடியாதா?" என்று அக்கா கேட்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன் புஷ்ராட் நினைவுக்கு வந்தார்.

1789-ல் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஆனார். பதவிகள் எல்லாமே புதிது. நியமிக்க வேண்டியவர் அவர். அந்தக் கோடையிலேயே, வர்ஜீனியாவின் மத்திய அரசு வழக்கறிஞர் பதவி தனக்குக் கிடைக்குமா என்று புஷ்ராட் கேட்டார். வயது 27, தந்தை இல்லை. பெரியப்பாவுக்கோ அவர்மேல் கொள்ளைப் பாசம். பிலடெல்பியாவில் ஜேம்ஸ் வில்சனிடம் சட்டம் படிக்க வைத்ததும் அவர்தான்.

ஜூலை 27 அன்று வாஷிங்டன் பதில் எழுதினார். உன்னைவிட மூத்த, பெயர் பெற்ற வழக்கறிஞர்கள் இருக்கும்போது உன்னை நியமிப்பது சரியாகாது. ஆர்கஸின் கண்கள் என்மேல் இருக்கின்றன, உறவுக்காகச் செய்தேன் என்று நினைக்க இடம் தரும் எந்தச் சறுக்கலும் தப்பாது என்றார். (ஆர்கஸ், கிரேக்கக் கதையில் வரும் நூறு கண் காவலன்.) பழியை வேறு யார் தலையிலும் போடாமல் காரணத்தை நேராகச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உறவும் முறியவில்லை. மவுண்ட் வெர்னன் வீட்டையும் தன் கடிதங்களையும் 1799 உயிலில் புஷ்ராடுக்குத்தான் எழுதி வைத்தார். அவை அவருடைய சொந்தச் சொத்து, கொடுக்கலாம். அதற்கு முந்தைய வருடமே, வில்சன் இறந்து காலியான உச்ச நீதிமன்ற இடத்தில் புஷ்ராடை அமர்த்தியிருந்தார் அடுத்த ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ்.

அதே ஆடம்ஸுக்கு 1797-ல் வாஷிங்டன் எழுதியதையும் பாருங்கள்: உங்கள் மகன் என்பதற்காக ஜான் குவின்சிக்குத் தகுதியான உயர்வை நிறுத்திவிடாதீர்கள். அந்த மகன் அதற்குள் தூதராக வேலை செய்து காட்டியவர்.

அதனால் உங்கள் அக்கா மகனை நீங்களே தள்ளிவிடவும் வேண்டாம். உறவை எழுத்தில் தெரிவித்துவிட்டு இந்தத் தேர்விலிருந்து விலகுங்கள். மதிப்பெண்ணை மற்றவர்கள் போடட்டும். அப்புறம், அக்காவிடம் இன்றைக்கே பேசுங்கள். முடிவு வந்தபிறகு சொன்னால் சாக்குப்போல இருக்கும். பையனுக்கு மேற்கொண்டு பயிற்சி வேண்டுமென்றால், அந்தச் செலவை உங்கள் சம்பளத்திலிருந்து தாராளமாகக் கொடுங்கள்.